விழா எடுக்காமல் மான் பிடிக்கும் வித்தை

சிட்னி விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி, மாவடு ஊறுகாயை முகர்ந்து பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். பருப்புப் பொடியையும் அப்படியே. மூன்றாவதாக ஒரு பழைய பால்பவுடர் டப்பாவைத் திறந்தார். அதோடு அவர் முகத்திலிருந்த சிரிப்புப் போய்விட்டது.

"என்ன இது?"

"மான் புழுக்கை" என்றேன். கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன். எங்கள் மான் என்னென்ன புல் தின்கிறது என்று அங்குள்ள நிபுணர்களிடம் காட்டிப் பேசலாமே என்று, நிழலில் காயவைத்துச் சேர்த்த சரக்கு அது. ஆடு மாடுகளே செல்வமாக இருக்கும் தேசத்துக்குள், மாட்டு நோய் உலவும் காட்டிலிருந்து புழுக்கை கொண்டுபோன கால்நடை மருத்துவர் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை என் மாணவன் யாராவது செய்திருந்தால் அவனைப் பரீட்சையில் தேறவிட்டிருக்கமாட்டேன்.

கையுறை போட்ட இரண்டு பேர் வந்தார்கள். டப்பாவை இடுக்கியால் தூக்கிக்கொண்டு போனார்கள். என் பூட்ஸைக் கழற்றச் சொல்லி மருந்துத் தண்ணீரில் கழுவினார்கள். 'நோய்' என்ற ஒரு சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் பத்தடி பின்வாங்கினார்கள். கடைசியில் அதிகாரி சமாதானமாகச் சொன்னார்:

"ஐயா, இந்தச் சரக்குக்கு எங்கள் நாட்டில் பஞ்சமே இல்லை. வெளியிலிருந்து வரவழைக்கும் உத்தேசமும் இல்லை."

ஈரப் பூட்ஸோடு ஆஸ்திரேலிய மண்ணில் கால் வைத்தேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்த கதை இது. நான் கோவில்பட்டிக்காரன், உத்தியோகம் மத்தியப் பிரதேசத்துச் சால மரக் காட்டில். அங்கே இருக்கும் மானுக்குப் பாரசிங்கா என்று பெயர். பன்னிரண்டு கிளைக் கொம்புள்ளது என்று பொருள். இதன் பங்காளிகள் வடக்கே சதுப்பு நிலங்களில் சேற்றில் குளம்பை விரித்து நடப்பவை. எங்கள் மான் மட்டும் கெட்டித் தரையில் வாழ்ந்து, குளம்பு இறுகி, தனிக் கிளையினமாகிவிட்டது. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. ஒரு காலத்தில் மத்திய இந்தியா முழுக்கத் திரிந்ததாம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது மிச்சமிருந்த அத்தனையையும் ஒரு கல்யாணப் பந்தியில் உட்காரவைத்துவிடலாம்.

அதைக் காப்பாற்ற நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கோடையில் புல்லுக்குத் தீ வைக்கும் பழக்கத்தை நிறுத்தினோம். புல்வெளிக்கு நடுவே இருந்த ஒரு கிராமம் வீடு வாசலைப் பிரித்துக்கொண்டு வெளியே போய்க் குடியேறியது. மனமாரப் போனார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் போனார்கள். அவர்கள் உழுத நிலத்தில் ஆளுயரப் புல் எழுந்தது. புலி தாண்டாத வேலி கட்டிக் கொஞ்சம் மான்களை உள்ளே வைத்தோம். குட்டிகள் பிழைத்தன.

ஆனால் எல்லாம் ஒரே இடத்தில். ஊர் மாடுகளிடமிருந்து ஒரு நோய் தொற்றினால் போதும், ஒரு வாரத்தில் அந்த இனத்தின் கதையே முடிந்துபோகும். ஆகவே கொஞ்சத்தைப் பிடித்து, இருபது மைல் தள்ளியுள்ள இன்னொரு புல்வெளியில் விடத் தீர்மானம் ஆயிற்று. ஒத்திகையாக முதலில் ஒரு பெண் மான்.

எங்கள் நாட்டில் எந்த நல்ல காரியத்துக்கும் துவக்க விழா வேண்டுமல்லவா? மந்திரி வந்தார். ஷாமியானா, மைக் செட், சாமந்தி மாலை எல்லாம் வந்தன. மானை வலைக்குள் விரட்ட மேளத்தோடு நூறு பேர். வலையில் விழுந்த மானைக் கூண்டில் அடைத்துக் கற்பூரம் காட்டித் தேங்காய் உடைத்தார்கள். மந்திரி முக்கால் மணி நேரம் பேசினார். படம் எடுத்தார்கள். மான் உடம்பில் ஒரு கீறல் கூட இல்லை. மறுநாள் அதன் பின்கால்கள் இழுத்துக்கொண்டன. சாயங்காலம் என் மடியில் தலையை வைத்தபடியே செத்துப்போனது. பயத்தில் தசை வெந்துபோகும் நோய் அது. 'பிடிபட்ட அதிர்ச்சி' என்று அறிக்கையில் எழுதினேன். 'விழாவினால்' என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. அந்த வெட்கம் இன்றைக்கும் போகவில்லை.

இட மாற்றக் கோப்பு அத்தோடு அலமாரிக்குப் போய்விட்டது. எங்கள் இயக்குநர் என்னைப் பயிற்சிக்கு அனுப்பும்போது சுருக்கமாக ஒரு கடிதம் கொடுத்தார். மான் சாகாமல் இடம் மாற்றக் கற்றுக்கொண்டு வந்து, உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் கோப்பை எடுக்கலாம். முடியாதென்றால், மெல்பர்ன் மான் வளர்ப்போர் சங்கம் ஒன்று சில ஜோடிகளைக் கேட்கிறது. அங்கேயாவது பிழைத்துக் கிடக்கட்டும், சம்மதம் சொல்லிவிட்டு வாருங்கள். அந்தக் கடிதம் பயணம் முழுக்க என் சட்டைப் பையில் இருந்தது.

சிட்னியின் புறநகரான மெரிலேண்ட்ஸில் எனக்கு அறை. முதல் நாளே கோட்டை விட்டேன். நம்மூர் வழக்கப்படி நிலையங்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டு ரயிலில் உட்கார்ந்திருந்தால், அது எல்லா நிலையத்திலும் நிற்காத வண்டி. நான் இறங்கவேண்டிய நிலையம் கண்ணெதிரே ஓடிப் போயிற்று. திரும்பி வருவதற்குள் கடைகளையெல்லாம் மூடிவிட்டார்கள். மாலை ஐந்தரைக்குக் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடும் வியாபாரிகளை அங்கேதான் பார்த்தேன். சைவச் சாப்பாடு தேடி வந்த எனக்கு, ஒரு லெபனான்காரர் பாதி சாத்திய கதவைத் திறந்து, மெல்லிய ரொட்டியும் எலுமிச்சை பிழிந்த கொண்டைக்கடலை மசியலும் கொடுத்தார். "இந்த ஊரில் நாமெல்லாம் புதுசு" என்றார். விமான நிலையத்தில் தப்பிய மாவடுவில் ஒரு கரண்டி அவருக்கு வைத்தேன். கண்ணில் நீர் வர, நன்றாயிருக்கிறது என்று தலையாட்டினார்.

மறுநாள் மிருகக் காட்சிசாலையில் ஒரு நிபுணர் மயக்க ஊசி சுடும் துப்பாக்கியைக் காட்டினார். பார்க்க அழகான கருவி. "இதில் மான் பிழைக்குமா?" என்று கேட்டேன். "சில பிழைக்கும்" என்றார். எனக்குச் சில போதாது. எங்களிடம் இருப்பதே சிலதான். அதைச் சொன்னதும் அவர் சற்று யோசித்து, "மெல்பர்னுக்குத் தெற்கே கீத் என்று ஒரு பண்ணைக்காரர் இருக்கிறார். துப்பாக்கியும் இல்லாமல் வலையும் இல்லாமல் மானை ஏற்றி இறக்குகிறார். அவரைப் போய்ப் பாருங்கள்" என்று முகவரி எழுதிக் கொடுத்தார்.

மெல்பர்ன் போய்ச் சேர்ந்த விவரத்தைச் சொல்லி உங்களை அலுப்பூட்டமாட்டேன். குளிர்ந்தது, அவ்வளவுதான். ஏப்ரலில் கோவில்பட்டியில் தார் உருகும். இங்கே நான் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு டிராமில் உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த ஒரு கிழவி தன் தோழியிடம், "பாவம், காது வலி போலிருக்கிறது" என்றாள்.

மெல்பர்ன் புறநகரான கிளேட்டனில் சிவநேசன் வீட்டில் தங்கினேன். யாழ்ப்பாணத்துக்காரர். சென்னையில் படித்த காலத்தில் இருவரும் ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டவர்கள். இப்போது அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. மனைவி பெயர் புவனா. வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள்.

"வாங்கோ டொக்டர், வாங்கோ. அந்தக் கதிரையில இருங்கோ. குளிருதோ? ஹீட்டரைக் கூட்டி விடுறன்" என்றார் புவனா. சமையலறையிலிருந்து இடியப்பமும் சொதியும் வந்தன. ஒன்பது நாளைக்குப் பிறகு தேங்காய்ப் பால் நாக்கில் பட்டது. எத்தனை தட்டு இடியப்பம் உள்ளே போயிற்று என்று நான் எண்ணவில்லை. அவர்கள் எண்ணியிருக்கலாம்.

சிவநேசன் வீட்டில் புதிதாகக் கலர் டெலிவிஷன் வாங்கியிருந்தார்கள். அதில் அன்றைக்குப் பார்த்து மான் வேட்டையைக் காட்டினார்கள். கிழக்கே கடலோரப் புதரில் பன்றி மான். குட்டையாக, தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓடும் ஜாதி. அதைப் பார்த்ததும் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"சிவநேசன், இது நம்ம ஊரு மான்யா! வெள்ளைக்காரன் நூறு வருஷத்துக்கு முந்தி கப்பல்ல கொண்டாந்து விட்டது. நம்ம பக்கம் இதைக் காணவே கஷ்டமா இருக்கு. இங்கே சீசன் போட்டுச் சுடறான்!"

"ஓம், இஞ்ச வந்தவையெல்லாம் நல்லாத்தான் இருக்கினம்" என்றார் சிவநேசன். சற்றுக் கழித்து, "அப்ப உங்கட மற்ற மானையும் குடுத்துவிடலாம் எண்டு நினைக்கிறியளோ?" என்று கேட்டார்.

இயக்குநரின் கடிதத்தைக் காட்டினேன். வாசித்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

கீத்தின் பண்ணைக்கு சிவநேசன்தான் தன் பழைய காரில் கொண்டுபோய் விட்டார். கீத் ஆறடிக்கு மேல் இருப்பார். ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் பேசினால் அதிகம். அவர் மனைவி டாட் அந்தக் குறையையும் சேர்த்துப் பேசுவாள். மதியம் மேசையில் ஆவி பறக்க ஒரு தட்டு. மான் கறி. டாட் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய், முட்டை வைத்த ரொட்டியோடு வந்தாள்.

"உங்களுக்கு அது நோயாளி என்பதை மறந்துவிட்டேன்" என்றாள்.

பண்ணையில் இருந்தவை ஐரோப்பாவிலிருந்து வந்த மான்கள். புள்ளி போட்டவை, அகலக் கொம்பு, இலை அசைந்தால் கூடத் தாவுகிறவை. நாளைக்கு அதில் நாற்பதை இன்னொரு பண்ணைக்கு லாரியில் ஏற்ற வேண்டும் என்றார் கீத்.

"எத்தனை ஆள் வருவார்கள்?" என்றேன்.

"மூன்று. நான், டாட், நீங்கள்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை பார்த்ததை எவ்வளவு எளிமையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு எளிமையாகச் சொல்கிறேன். மேய்ச்சல் வெளியிலிருந்து கொட்டகை வரை இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்குச் சாக்குத் துணி கட்டியிருந்தார்கள். தொடக்கத்தில் அகலமாய், போகப் போகக் குறுகலாய். மானுக்குக் கம்பி வேலி தெரிந்தால் அதன் மேல் பாய்ந்து கழுத்தை ஒடித்துக்கொள்ளும். துணிக்கு அப்பால் ஒன்றும் தெரியாவிட்டால் அது சுவர், சுவரில் மோதாது. கொட்டகைக்குள் இருட்டு. இருட்டில் மான் நின்றுவிடும். நின்ற மானைச் சரிவுப் பலகை வழியாக லாரிக்குள் நடக்கவிடலாம். இவ்வளவுதான் வித்தை.

சாக்குத் துணியின் ஓரத்தில் கறுப்பு மையில் ஓர் அச்சு இருந்தது. கிட்டப் போய்ப் படித்தேன். கல்கத்தா! கடல் தாண்டி வந்து நான் படிக்கும் பாடத்துக்குப் பாடப் புத்தகம் நம்ம ஊர்ச் சணலில் நெய்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கீத்தின் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். "மலிவு" என்றார் அவர்.

சட்டங்கள் மட்டும் கடுமை. பேசக்கூடாது. ஓடக்கூடாது. கையை வீசக்கூடாது. மானின் கண்ணைப் பார்க்கக்கூடாது. என் சிவப்பு மஃப்ளரை டாட் கழற்றி வாங்கிக்கொண்டாள். நாங்கள் மூவரும் சந்தைக்குப் போகிறவர்கள் போல ஒருவரையொருவர் பாராமல் நடந்தோம். நாற்பது மானும் எங்களுக்கு முன்னால் நடந்தன. பாதி வழியில் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றன. நான் பழக்கதோஷத்தில் "ஹோய்" என்று வாயைத் திறந்துவிட்டேன். சத்தம் வெளியே வருமுன் டாட் தன் தொப்பியால் என் வாயைப் பொத்தினாள். அதில் ஆட்டு நாற்றம் அடித்தது. நின்றோம். பத்து நிமிஷம் இருக்கும். பிறகு முன்னால் நின்ற ஒரு கிழட்டுப் பெண் மான் காதை ஆட்டிவிட்டுக் கொட்டகைக்குள் போயிற்று. மற்றவை பின்னால் போயின. அந்தப் பத்து நிமிஷமும் என் மடியில் செத்த மான்தான் என் கண்முன் நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கீத் பார்த்தும் பாராததுபோல் கொட்டகையின் தாழ்ப்பாளைப் போட்டார்.

லாரியைச் சுற்றியும் சாக்குத் திரை கட்டிக்கொண்டு கிளம்பினோம். கேரம் டவுன்ஸ் பக்கம், காய்கறித் தோட்டங்களும் குதிரை மேயும் வெளிகளுமாக இருக்கும் இடம், அங்கே பின் டயர் வெடித்தது. கீத் ஒன்றும் சொல்லாமல் ஜாக்கியோடு அடியில் நுழைந்தார். ஜாக்கிக்கு அடியில் வைக்கப் பலகை கேட்டு டாட் பக்கத்துப் பண்ணைக்குப் போனாள். உள்ளே நாற்பது மான், வெளியே நான் ஒருவன்.

ஊர்கூடி வேடிக்கை பார்ப்பது நம்மவர்களுக்கு மட்டுமே உரிய குணம் என்று நினைத்திருந்தேன். ஐந்து நிமிஷத்தில் எட்டுக் கார் நின்றன. ஒரு பள்ளிக்கூட பஸ் நின்றது. பிள்ளைகள் "மான்! மான்!" என்று கத்திக்கொண்டு இறங்கினார்கள். ஒருவர் காமிராவை எடுத்துக்கொண்டு சாக்குத் திரையை விலக்க வந்தார். உள்ளே குளம்புகள் பலகையில் படபடவென்று அடிக்க ஆரம்பித்தன. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எங்கள் கூண்டுக்குள்ளிருந்தும் அதே சத்தம்தான் கேட்டது, மந்திரி பேசிக்கொண்டிருந்த முக்கால் மணி நேரமும்.

அன்று நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இன்று நிற்கவில்லை. விமான நிலைய வரிசை ஞாபகம் வந்தது. காமிராக்காரருக்கு முன்னால் போய் நின்று, தாழ்ந்த குரலில், அரசாங்கத் தோரணையில் சொன்னேன்:

"நான் இந்தியாவிலிருந்து வந்திருக்கும் கால்நடை மருத்துவன். உள்ளே என்ன நோய் என்று இன்னும் தெரியவில்லை. நீங்கள் தொட்டுவிட்டீர்களா?"

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். பஸ்காரர் பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு போனார். எட்டுக் காரும் போயின. சாலையில் காற்றுச் சத்தம் மட்டும் மிஞ்சியது. குளம்புச் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பாவிட்டால் பாதகமில்லை. அந்தப் பொய்யைப் போல நான் பெருமைப்படும் உண்மை என் வாழ்க்கையில் அதிகம் இல்லை.

கீத் லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். முகமெல்லாம் கிரீஸ். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மற்ற பண்ணையில் நாற்பது மானும் தங்கள் காலால் நடந்து இறங்கியபின், வேலியில் சாய்ந்துகொண்டு, அன்றைய கணக்குக்கு அதிகமாகவே பேசினார்:

"எனக்கு மானைத்தான் தெரியும். மனிதர்களை எப்படி விலக்குவது என்று தெரியாது. உங்களுக்குத் தெரிகிறது. உங்கள் காட்டில் மானைக் கொன்றது மனிதர்கள்தானே? பிறகு என்னிடம் என்ன கற்க வந்தீர்கள்? சாக்குத் துணி கட்டவா? அது ஒரு மணி நேர வேலை."

இரண்டு நாள் கழித்து மான் வளர்ப்போர் சங்கத்தில் என் பேச்சு. சிவநேசன் ஸ்லைடு மிஷினை ஓட்டினார். முதல் மூன்று படம் தலைகீழ். நான்காவதில் எங்கள் ஆண் மான், கொம்பில் புல்லைச் சுருட்டிக்கொண்டு, பனிக்குள் நின்றது. அறையில் யாரோ மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. என் பிள்ளை மேடையில் பரிசு வாங்கியபோது கூட நான் அப்படி நிமிர்ந்ததில்லை.

பேச்சு முடிந்ததும் சங்கத் தலைவர் எழுந்தார். மிக மரியாதையான மனிதர்.

"எங்களிடம் புல் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, புலி இல்லை. ஆறு ஜோடி கொடுங்கள். அரசாங்க அனுமதி என் பொறுப்பு. எத்தனை வருஷம் தனித் தொழுவத்தில் வைக்கச் சொன்னாலும் வைக்கிறோம். பத்து வருஷத்தில் உங்களுக்கே திருப்பித் தருமளவு பெருக்கிக் காட்டுகிறோம். உங்கள் காட்டில் அது பிழைக்கும் என்று நீங்கள் உறுதி சொல்ல முடியுமா?"

அவர் கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சட்டைப் பையில் கடிதம் நெஞ்சில் உறுத்திற்று. சம்மதம் என்றால் என் தலையிலிருந்து பாரம் இறங்கிவிடும். வேண்டாம் என்று சொல்லி, நாளைக்கு அங்கே ஒரு நோய் வந்தால், உலகத்தில் கடைசி மானைக் கொன்றவன் நான்தான்.

"உறுதி சொல்ல முடியாது" என்றேன். "ஒரு மான் என் கையிலேயே செத்திருக்கிறது. ஆனால் இதன் குளம்பு எங்கள் தரைக்காக இறுகிய குளம்பு. இதற்குப் புல் வேண்டும் என்று ஒரு கிராமமே வீட்டைப் பிரித்துக்கொண்டு போயிருக்கிறது. அவர்களிடம் போய், மானை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவிட்டோம் என்று நான் எந்த முகத்தோடு சொல்வேன்? உங்கள் அன்புக்கு நன்றி. எங்கள் மானை நாங்களே வைத்துக்கொள்கிறோம். எப்படி ஏற்றி இறக்குவது என்று மட்டும் கற்றுக்கொண்டு போகிறேன்."

கடைசி வரிசையில் கீத் எழுந்து கை தட்டினார். தலைவரும் தட்டினார். அவருடைய ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார்.

காரில் திரும்பும்போது சிவநேசன் கேட்டார்:

"டொக்டர், பயமில்லையோ உங்களுக்கு?"

"நிறையவே இருக்குய்யா" என்றேன்.

"எனக்கெண்டால் சரியான பெருமையா இருந்தது. வீட்ட போய் முதல் வேலையா புவனாவுக்குச் சொல்லோணும்."

புவனா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நல்ல காரியம் செய்தனீங்கள். இனி அங்க போய் அந்த மந்திரியை என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டார். மூன்று பேரில் அவருக்குத்தான் முக்கியமான கேள்வி தோன்றிற்று.

ஊருக்குத் திரும்பி உறுதிமொழி எழுதிக் கொடுத்தேன். கோப்பு அலமாரியிலிருந்து இறங்கியது. குளிர்காலத்தில் ஆறு மான்களை மாற்ற உத்தரவு வந்தது. கூடவே, நான் பயந்தபடியே, விழாவுக்கும் உத்தரவு வந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மந்திரி லாரிக்குப் பச்சைக்கொடி அசைப்பார். இயக்குநரிடம் போய் நின்று மனதில் இருந்ததைச் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நீங்கள் இப்போது என்னிடம் எதுவும் சொல்லவில்லை" என்றார்.

புதன்கிழமை விடிந்ததும் காவலர்கள் இரண்டு பேர், லாரி டிரைவர், நான். சந்தைக்குப் போகிறவர்கள் போல நடந்தோம். யாரும் பேசவில்லை. வேலிக்குள்ளிருந்த மான்கள், கீத் பாணியில் நாங்கள் முன்னமே கட்டிவைத்த சாக்குத் துணிகளுக்கு நடுவே நடந்து கொட்டகை இருட்டில் நின்றன. அங்கிருந்து லாரிக்குள் ஏறின. இருபது மைலையும் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினோம். புதுப் புல்வெளியில் கதவைத் திறந்துவிட்டு, நாங்கள் நால்வரும் தள்ளிப்போய்ப் புல்லில் முகம் குப்புறப் படுத்துக்கொண்டோம். அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. என் இருதயம் அடிப்பது தரையில் கேட்டது. பிறகு பலகையில் ஒரு குளம்பு வைக்கும் சத்தம். இன்னொன்று. ஆறும் இறங்கின. ஆறும் நடந்தே இறங்கின. கீத்துக்கு அதை அப்படியே தந்தி அடித்தேன்.

இரண்டு நாளும் அந்தப் புல்வெளியிலேயே மரத்தின் மேல் இருந்து பார்த்தேன். ஒன்றின் கால் கூட இழுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஷாமியானாவில் கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைத்தார்கள். மேளம் முழங்கிற்று. சாக்குத் துணியால் இறுக மூடிக் கட்டிய லாரிக்கு மந்திரி மாலை போட்டார். முக்கால் மணி நேரம் பேசினார். நன்றாகவே பேசினார், பாரசிங்காவைப் பற்றி அவர் சொன்ன பெருமையெல்லாம் உண்மை. நானும் மனமாரக் கை தட்டினேன். பிறகு அவர் பச்சைக்கொடியை அசைக்க, காலி லாரி மெல்லக் கிளம்பிக் காட்டுக்குள் போயிற்று. அப்போது மான்கள் ஆறும் இருபது மைலுக்கு அப்பால் மூன்றாவது நாளாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தன.